காகம் கவிழ்த்த கமண்டலமும் எங்கள் ரிங்லெட் ஏரியும்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காவிரி பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கதை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நம்ம ரிங்லெட் ஏரிக்குக் கதை இல்லையா?" என்றாள். உடனே விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் காவிரி. குடகு நாட்டின் பிரம்மகிரி மலைச்சரிவில், ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில் உள்ளது தலைக்காவிரி. அதனை ஏரி என்பது மிகை. ஒரு சிறு குண்டமும் அதனை அடுத்த தீர்த்தக் குளமுமே அங்கு உண்டு. அக்டோபர் நடுவில், துலா மாதப் பிறப்பன்று, குண்டத்தில் நீர் பொங்கி எழுவதைக் காண மக்கள் திரள்கின்றனர்.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது காகத்தின் கதை. சீர்காழியில் இந்திரனின் நந்தவனம் வாட, விநாயகர் காகமாகி அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்த்தார் என்பது கந்தபுராண மரபு. குடகு மக்கள் சொல்வதோ வேறு. கவேர முனிவரின் வளர்ப்பு மகளாகிய காவிரி, தன்னைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்ற உறுதியின் பேரில் அகத்தியரை மணக்கிறாள். அவர் அவளைக் கமண்டலத்தில் அடைத்து வைத்துவிட்டு நீராடச் செல்ல, அவள் ஆறாகி ஓடிவிடுகிறாள். பலமுரி என்னுமிடத்தில் மக்கள் அவளைத் தடுக்கக் கூடினராம். வெள்ளத்தின் வேகத்தில் பெண்களின் சேலைக் கொசுவம் பின்புறம் திரும்பிற்றாம். குடகுப் பெண்கள் இன்றும் கொசுவத்தைப் பின்புறம் வைத்து உடுத்துவதற்கு அவர்கள் கூறும் காரணம் இதுவே. நீரைப் பெற்ற சமவெளியார்க்கு அது வரம். நீர் விட்டுச் சென்ற மலையார்க்கு அது பிரிவு. எனக்கு இரண்டாவது கதையே மனத்தில் நிற்கிறது.

மணிமேகலைப் பதிகத்தில் காகமே இல்லை. காந்தமன் என்ற சோழன் வேண்ட, அகத்தியர் கரகத்தைக் கவிழ்க்கிறார். கடலோரம் வந்த காவிரியை, அங்கு முன்பே தவமிருந்த முதியவளாகிய சம்பாபதி எதிர்கொண்டு வரவேற்கிறாள். அகத்தியரோ அம்மூதாட்டியைத் தொழுமாறு காவிரிக்குக் கூறுகிறார். புதிதாக வந்தவள் முன்னிருந்தவளை வணங்கியே அவ்வூரில் இடம்பெறுகிறாள்.

இனி ரிங்லெட். அது தொன்மையான ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபுபக்கர் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டபோது உருவான நீர்த்தேக்கம். தெலோம், ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குச் செல்ல வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மின்சாரம் தந்துவிட்டுப் பேராக் பக்கம் இறங்குகிறது. கிழக்கே ஓட வேண்டிய ஆற்றை மேற்கே திருப்பியவர்கள் பொறியாளர்கள். இங்குக் கமண்டலமும் இல்லை, காகமும் இல்லை.

ஆயினும் கதை இல்லையென்று அம்மாணவியிடம் எவ்வாறு கூறுவேன்? நம் முன்னோர் தேயிலை நட வருமுன்பே இம்மலையில் வாழ்ந்த செமாய் மக்கள், விலங்குகளை எள்ளி நகையாடினால் இடியும் புயலும் வெள்ளமும் வரும் என்று நம்புகின்றனர். நான் முன்பு அதனைக் கேட்டுப் புன்னகைத்தவன். மேட்டு நிலங்களைத் தோண்டியதால் வண்டல் வந்து ஏரி தூர்ந்ததையும், 2013 அக்டோபரில் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போனதையும் கண்டபின் அப்புன்னகை எனக்கு வருவதில்லை.

மறுநாள் அம்மாணவி தன் பாட்டியிடம் கேட்டு வந்தாள். "அணை வருமுன்னே அங்க ஆறுதான், கல்லு மேல துணி அலசுவோம். அந்தக் கல்லெல்லாம் இப்ப தண்ணிக்குள்ள கிடக்குது" என்றாராம் பாட்டி. வகுப்பேட்டில் அதனை முதற்கதையாக எழுதி வைத்துள்ளோம். உங்கள் வீட்டு முதியோரிடமும் கேட்டு, பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பக்கங்கள் நிறைய மீதமுள்ளன.