வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் படைத்துறை விருதுகள்

போரில் காட்டிய வீரத்தையும் நெடுநாள் படைப்பணியையும் போற்றி அரசு அளிக்கும் அடையாளம் படைத்துறை விருது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் இதன் வரலாறு நடுகல்லிலிருந்து தொடங்குகிறது. பழந்தமிழ் வேந்தர்கள் படைத்தலைவர்களுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் அணிவித்தனர். ஊருக்காக உயிர்விட்டவனுக்குக் கல் நட்டார்கள். ஆம்பூரில் கிடைத்த இரு நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. மாடுகளைக் கவர வந்த நுளம்பர் படையோடு பொருது மாண்டவர்களை அவை நினைவுகூர்கின்றன.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் பெருமை தனி வீரனுக்கு அல்லாமல் படைப்பிரிவுக்குப் போயிற்று. 1767-இல் ஹைதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டபோது, கேப்டன் கால்வர்ட்டின் கீழிருந்த சிப்பாய்கள், உதவிப்படை வரும்வரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களின் வழிவந்த 10-ஆம் சென்னைக் காலாட்படை, ஆம்பூர் மலைக்கோட்டையின் உருவத்தைத் தன் கொடியில் தாங்கியது. கோட்டையைக் காத்த சிப்பாய்களின் மார்பில் பதக்கம் எதுவும் ஏறவில்லை.

1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி, விருது யாருக்குக் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகக் காட்டியது. புதிய தலைப்பாகையில் வைத்த தோல் பட்டையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்தன. சதியை முன்கூட்டியே சொன்ன சிப்பாய் முஸ்தபா பேக்கை அதிகாரிகள் முதலில் நம்பாமல் காவலில் வைத்தார்கள். சொன்னது மெய்யான பிறகு பரிசுப் பணமும் சுபேதார் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்து, சிப்பாய்கள் கைப்பற்றியிருந்த வேலூர்க் கோட்டையை மீட்ட ரோலோ கில்லெஸ்பிக்கும் பணமுடிப்பு கிடைத்தது. 1815 ஜனவரியில் வெளியான பிரிட்டனின் பாத் விருதுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் 1814 அக்டோபர் 31-ஆம் நாளே நேபாளப் போரில் அவர் இறந்திருந்தார். புரட்சிச் சிப்பாய்கள் பலர் பீரங்கி வாயிலும் தூக்குமரத்திலும் முடிந்தனர். பங்கேற்ற படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. அந்நாளில் விருதின் அளவுகோல் வீரத்தைவிட விசுவாசமே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இந்தியச் சிப்பாய்க்கென்று நிலையான வீர விருது 1837-இல்தான் வந்தது. கும்பினி அவ்வாண்டு ஏற்படுத்திய ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ மூன்று வகுப்புகள் கொண்டது. மூன்றாம் வகுப்பு பெற்றவருக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்தது. முதல் வகுப்பு பெற்றவருக்குச் சம்பளமே இரட்டிப்பாயிற்று. சிப்பாய் குடும்பத்துக்குப் பதக்கத்தின் பளபளப்பைவிட இதுவே பெரிது. விக்டோரியா சிலுவை இந்தியர்க்குத் திறக்க 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில், 1950 ஜனவரி 26-இல் பரம் வீர், மகா வீர், வீர் சக்கர விருதுகள் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த வீரச்செயல்களுக்கும் பொருந்துமாறு அறிவிக்கப்பட்டன. பரம் வீர் சக்கரத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். படையில் சேருவது வேலூர்ப் பக்கத்தில் இன்றும் தலைமுறை வழக்கம். வீட்டுக்கு வீடு ராணுவத்தார் உள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள்.

1806-இன் சிப்பாய்களுக்கு எந்த அரசும் பதக்கம் அளித்ததில்லை. 2006-இல், புரட்சியின் 200-ஆம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை அவர்கள் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. வேலூர் மக்கான் சந்திப்பிலுள்ள நினைவுத் தூணில் ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று மலர்வளையம் வைக்கப்படுகிறது.