பரிசில் கடாநிலை

1

புறநானூற்றுக்குத் துறை வகுத்தவர்கள் பாடாண் திணையில் ‘பரிசில் கடாநிலை’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் காலம் நீட்டிக்கும் தலைவனிடம் புலவன் அதைக் கேட்டு நிற்கும் நிலை. கடாவுதல் என்றால் வினாவுதல். செலுத்துதல் என்றும் பொருள் உண்டு. தனக்குச் சேரவேண்டியதைக் கேட்பதை ஒரு கவிதைத் துறையாகவே அங்கீகரித்த மொழி இது. அதியமான் தாமதித்தபோது ஔவை வாயில்காவலனிடம் பேசியது (புறம் 206) இன்றும் நம் மேடைகளில் முழங்குகிறது. அதே அதியமான் நேரில் பார்க்காமலே கொடுத்தனுப்பியதை வாங்க மறுத்த பெருஞ்சித்திரனாரை (புறம் 208) நாம் சுயமரியாதைக்கு உதாரணமாகச் சொல்கிறோம்.

ஆனால் இன்றைய தமிழில் சம்பளம் எழுத்துக்கு உரிய விஷயமல்ல என்ற ஒரு கூச்சம் இருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளில் எழுதியவர்களில் கணிசமானோர் கல்லூரி ஆசிரியர்கள். மிச்சப்பேர் வங்கி, தபால், தொலைபேசி, வருவாய்த்துறைக்காரர்கள். முதல் தேதிச் சம்பளம்தான் பல இதழ்களின் அச்சுக்கூலி. இருந்தும் அந்தச் சம்பளம் எப்படி வந்தது, யார் யாரிடம் என்ன கேட்டதால் வந்தது என்பதைப் பற்றி இப்பக்கங்களில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக வரலாறு என்று எழுதப்படுவது துணைவேந்தர் பட்டியலும் கட்டிடத் திறப்பு விழாவும்தான். அதைச் சம்பளத்தின் பக்கமிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

முதலில் சொற்கள். பரிசில் கொடுப்பவனின் குணத்தைச் சார்ந்தது. கூலி செய்த வேலையைச் சார்ந்தது. சம்பளம் என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பிரித்துக் காட்டுவார்கள். அந்தப் பிரிப்பைச் சந்தேகிக்கலாம், ஆனால் தானியமாகவும் உப்பாகவும் அளந்து கொடுத்த ஒரு காலத்தின் ஞாபகம் அதில் இருக்கிறது. ஊதியம் குறளில் லாபம், பேறு. பிற்பாடுதான் அது சம்பளத்துக்கு மரியாதையான பெயராயிற்று. உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தபோது மாதம் 50 ரூபாய் என்பதைத் தம் சரித்திரத்தில் கூச்சமில்லாமல் எழுதுகிறார். மடத்தின் ஆதரவிலிருந்து சர்க்கார் சம்பளத்துக்கு நகர்வது ஒரு தமிழ்ப் புலவருக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தொகை சொல்லிவிடுகிறது.

நம் காலத்தில் இன்னும் இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: தொகுப்பூதியம், மதிப்பூதியம். முன்னதில் பஞ்சப்படி கிடையாது, ஆண்டு உயர்வு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. பின்னதில் மதிப்பு என்ற சொல் மட்டும் கூடுதல். பரிசிலின் குணம் ஊதியம் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அது எப்படித் திரும்பியது என்பதற்குச் சிதம்பரத்தைப் பார்க்க வேண்டும்.

3

சிதம்பரம் என்றால் நம் வட்டத்துக்கு மௌனி ஞாபகம் வருவார். ரயில்பாதைக்கு மறுபுறம் அண்ணாமலை நகர். 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியையும் அதனுடன் வளர்ந்த தமிழ், சமஸ்கிருத, இசைக் கல்லூரிகளையும், கூடவே 20 லட்சம் ரூபாயையும் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கொடுக்க, 1929இல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. தமிழாராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அந்த இடம் செய்ததை யாரும் மறுக்க முடியாது. நான் கவனிக்கச் சொல்வது அமைப்பை. நிறுவனர் இணைவேந்தர்; அவருக்குப் பின் அவர் வாரிசுகள் இணைவேந்தர்கள். துணைவேந்தர் நியமனத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையும் அவர்களிடம். கொடை என்பது கொடுத்து முடிந்த காரியமாக இல்லாமல் தலைமுறைதோறும் நீடிக்கும் ஒரு ஸ்தானமாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

1979இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. அஞ்சலில் படித்தவர்களின் கட்டணம் வளாகத்தின் பெரிய வருமானங்களில் ஒன்றாயிற்று. மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்று துறைகள் பெருக, ஆட்களும் பெருகினார்கள். 2012 வாக்கில் ஆசிரியர், அலுவலர் எல்லாரும் சேர்ந்து 12,000 பேருக்கு மேல். அந்த ஆண்டு நவம்பரில் நிதி நெருக்கடி என்ற பெயரில் ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு பற்றிய பேச்சு எழுந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் சேர்ந்து போராட்டத்தில் இறங்கினார்கள். வகுப்புகள் நின்றன.

அவர்கள் கேட்டது சம்பளத்தைக் குறைக்காதே என்பது மட்டுமல்ல. பணம் எங்கே போயிற்று, கணக்கு எங்கே என்றும் கேட்டார்கள். எண்பது ஆண்டு வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். பரிசில் பெறுபவன் இன்னும் கொடு என்று கேட்கலாம், கோபித்துக்கொண்டு போகலாம், வசைகூடப் பாடலாம். புரவலனின் கணக்குப் புத்தகத்தைத் திற என்று அவன் கேட்க முடியாது. ஊழியன் கேட்கலாம்.

2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. இணைவேந்தர் பதவி வாரிசுரிமையிலிருந்து விலகி உயர்கல்வி அமைச்சரிடம் சேர்ந்தது. பின்னர் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டவர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பணிநிரவலில் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டியிருந்தவர் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. 2021இல் மருத்துவக் கல்லூரியும் சுகாதாரத் துறைக்குப் போயிற்று.

இதை வெற்றி என்பதா? தெருவில் நிற்காமல் தப்பித்தார்கள் என்ற அளவில் வெற்றி. ஆனால் உபரி என்ற சொல்லை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு மனிதன் உபரி ஆவது அவன் வேலையால் அல்ல, அவனைச் சேர்த்தவர்கள் போட்ட கணக்கால். வேலை தயவாக வரும் இடத்தில் கேள்வியும் தயவு தீரும் நாளில்தான் பிறக்கிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. ஔவை தன் யாழையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு வேறு ஊர் போகலாம் என்றால், அவளுக்கு வீட்டுக் கடன் தவணை இல்லை.

4

தயவிலிருந்து உரிமைக்கு வந்த இன்னொரு பாதையும் தமிழ்நாட்டில் இருந்தது. 1973 ஜனவரி முதல் நடைமுறைக்கு என்று வகுக்கப்பட்ட பல்கலைக்கழக மானியக் குழு ஊதியத்தில் விரிவுரையாளருக்கு 700–1600 என்று ஓர் அட்டவணை கிடைத்தது. 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முன் அனுமதி பெறாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்றாயிற்று. அதற்கு முன் கல்லூரிச் செயலரின் முகக்குறியைப் பார்த்துத்தான் ஒருவர் அடுத்த கல்வியாண்டைத் திட்டமிட வேண்டியிருந்தது. மூட்டா, ஏ.யூ.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆசிரியர் சங்கங்கள் இந்த மாற்றத்துக்காகச் செலவழித்த வருஷங்கள் இலக்கிய வரலாற்றிலும் சேர வேண்டியவை. 1987 ஆகஸ்டில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் நடந்த அகில இந்தியக் கல்லூரி ஆசிரியர் வேலைநிறுத்தம் மெஹ்ரோத்ரா குழுவின் ஊதிய விகிதங்களை ஒட்டியது. 2200–4000 என்ற எண்கள் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். அந்தப் பாதுகாப்பில் உட்கார்ந்துதான் சிலர் எலியட்டை மொழிபெயர்த்தார்கள், அமைப்பியல் படித்தார்கள், இதழ் நடத்தினார்கள்.

நான் வங்கி எழுத்தர். என் சம்பளத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. 1953இன் சாஸ்திரி தீர்ப்பு, 1962இன் தேசாய் தீர்ப்பு, 1966 அக்டோபரில் முதல் இருதரப்பு ஒப்பந்தம், 2024 மார்ச்சில் பன்னிரண்டாவது என்று எனக்கு முன்னால் யார் யாரோ கேட்டு வைத்த அட்டவணையில் என் பெயர் ஒரு வரி. ஆனால் 2010 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவன் என்பதால் பழைய ஓய்வூதியம் எனக்கில்லை. தமிழ்நாட்டு அரசில் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்துக்குள் போனார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஓய்வூதியமும் பிற சலுகைகளும் பறிபோவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லியது. பெரும்பாலோர் பின்னர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் கேட்பது ஆபத்து என்ற பாடம் மனதில் தங்கிவிட்டது.

5

அதன் பிறகுதான் கௌரவ விரிவுரையாளர் என்ற இனம் பெருகியது. என் கவுண்டருக்கு ஒருவர் வருவார். ஆங்கில இலக்கியத்தில் முனைவர். பத்தாண்டுக்கு மேல் கற்பித்தவர். தனிநபர் கடன் விண்ணப்பத்தில் பணியின் தன்மை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். நிரந்தரம் இல்லை. ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம். மே மாதத்தில் அவர் யாருடைய ஊழியரும் இல்லை. விண்ணப்பம் தேறவில்லை. அதே வரிசையில் பின்னால் நின்ற பூக்கமிஷன் கடைக்காரருக்குக் கடன் தேறியது. எங்கள் ஊர்ப் பக்கம் மல்லிகை, முல்லை பறிக்கப் போகும் பெண்ணுக்குக்கூடக் கிலோவுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் இறங்குமுன் தெரியும். ஒரு மணி நேர ஷேக்ஸ்பியருக்கு என்ன என்பது கற்பித்து முடித்த பிறகும் தெரிவதில்லை. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வரையறுத்தது. அந்தத் தொகையைத் தமிழ்நாட்டுக் கௌரவ விரிவுரையாளர்கள் கோரிக்கை அட்டையில்தான் பார்த்தார்கள். நிரந்தரப் பதவியில் இருப்பவர்கள் நிலையும் கெட்டியானதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024 ஆண்டுகளில் ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமாகி ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் போராட வேண்டியிருந்தது.

இங்கே இலங்கையை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அண்ணாமலை நகரில் நெருக்கடி வெடிப்பதற்குச் சற்று முன், 2012 ஜூலை முதல் அக்டோபர் வரை, நூறு நாள் அளவில் அங்குள்ள பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் செய்தது. ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆனால் முன்னால் நிறுத்தியது, நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பதை. தன் சம்பளத்தைப் பற்றிய கேள்வியை மாணவனும் அவன் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்வியாக மாற்றினார்கள். முழுவதும் கிடைக்கவில்லை. இருந்தாலும் கேள்வியை அமைப்பதில் அவர்கள் நமக்கு முன்னால் இருந்தார்கள். நம்மிடம் நிரந்தரப் பேராசிரியர் சங்கம் தன் நிலுவையையும், கௌரவ விரிவுரையாளர் தன் பன்னிரண்டாவது மாதத்தையும் பெரும்பாலும் தனித்தனியே கேட்கிறார்கள். ஒரே ஓய்வறையில் ஒரே தேநீர்.

6

என் ஊர்ப் பெயரில் நக்கீரர் இருப்பதாக ஐதீகம். மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடிச் சிவன் நிற்கிறார், எதிரே நக்கீரர். நம்மில் விமர்சனம் எழுதுகிற எல்லோருக்கும் அவர் குலதெய்வம் மாதிரி. தலைமையிடம் கேள்வி கேட்டவர். ஆனால் அந்தக் கதையில் தருமி என்று ஒருவன் இருக்கிறான். ஆயிரம் பொன் அவனுக்கு இலக்கியப் பிரச்னை அல்ல, பிழைப்பு. கேள்வியின் கம்பீரத்தைப் பாடிய தமிழன் தருமியின் நிலுவையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதில்லை. நம் சிறுபத்திரிகை விமர்சனமும் இந்த மரபில்தான் வருகிறது: செய்யுளில் குற்றம் காண்பதில் சமரசம் இல்லை, அதை எழுதியவன் எதைச் சாப்பிட்டான் என்பது நம் துறை இல்லை.

இன்னொரு கதையும் நக்கீரர் பேரில்தான் இருக்கிறது. இறையனார் அகப்பொருள் உரையில் வருவது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். அரசன் புலவர்களைக் கூப்பிட்டு, காப்பாற்ற முடியவில்லை, வேறு நாடு போங்கள், நாடு தேறியதும் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். தமிழில் எழுதப்பட்ட முதல் ஆட்குறைப்பு உத்தரவு என்று இதைச் சொல்லலாம், நயமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. மழை பெய்கிறது. ஆள் அனுப்பித் தேடுகிறார்கள். எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், யாப்பு தெரிந்தவர் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அரசன் கலங்கிப்போக, இறைவனே 60 சூத்திரம் எழுதித் தர வேண்டியதாயிற்று.

ஐதீகத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. அனுப்பிவிட்ட ஆட்களைத் திரும்ப அழைக்கலாம், அவர்களோடு போன படிப்பைத் திரும்ப அழைக்க முடியாது. என் கவுண்டருக்கு வந்தவர் இப்போது போட்டித் தேர்வு மையம் ஒன்றில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறார். பிளேக்கைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்த நூல் நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறது. எழுத்தும் சொல்லும் கற்பிக்க நாளையும் ஆள் கிடைக்கும்.