கிளீபர்ன் குழு இல்ல வழக்கு

கிளீபர்ன் குழு இல்ல வழக்கு என்பது, அறிவுசார் குறைபாடு உடையோர் ஊருக்குள் சேர்ந்து குடியிருப்பது தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 1 அன்று தீர்ப்பளித்த வழக்காகும்.

டெக்சஸ் மாநிலத்தின் கிளீபர்ன் நகரில் 1980இல் இதற்காக ஒரு வீடு வாங்கப்பட்டது. 13 பேர் பணியாளர்களின் மேற்பார்வையில் அங்கு வாழ்வதாகத் திட்டம். சிறப்பு அனுமதி வேண்டும் என்ற நகர மன்றம், 3-க்கு 1 என்ற வாக்கில் அதை மறுத்தது. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு, அங்கிருந்த முதியோரின் அச்சம், எதிரிலுள்ள பள்ளி மாணவர்கள் தொல்லை தரக்கூடும் என்ற ஐயம், வெள்ள அபாயம் முதலியன காரணங்களாகக் கூறப்பட்டன. தொல்லை தருவோரைத் திருத்தாமல், தொல்லைக்கு ஆளாவோரை விலக்குவதாகவே இது அமைந்தது.

நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. அப்பள்ளியிலேயே இத்தகைய மாணவர் சுமார் 30 பேர் படித்து வந்தனர். முதியோர் இல்லமோ அடுக்குமாடிக் குடியிருப்போ அதே இடத்தில் அமைய இந்த அனுமதி தேவைப்படவில்லை. வெள்ளம் வந்தால் அவற்றுக்கும் ஆபத்துதான். அண்டை வீட்டாரின் ஆதாரமற்ற அச்சம் வேறுபாடு காட்டப் போதிய காரணமாகாது என்பது நீதியரசர் பைரன் வைட் எழுதிய தீர்ப்பின் சாரம்.

எனினும் நகர விதி முழுவதும் நீக்கப்படவில்லை. இந்த இல்லத்துக்கு அதைப் பொருத்தியது மட்டுமே செல்லாது எனப்பட்டது. வீட்டுவசதியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டத் திருத்தம் 1988இல் நிறைவேறியது.