பாரிமுனைக் கட்டடங்கள் கூறும் வரலாறு

நம் பங்கின் விழா மலரில் சென்னைப் பாரிமுனையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு போட்ட இடம் அது. துறைமுகத்திலும் வங்கியிலும் அஞ்சலகத்திலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் வேலை பார்த்து, மாலையில் ரயிலைப் பிடித்து வீடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! செவ்வாய்க்கிழமைதோறும் அங்குள்ள புனித அந்தோணியாரைத் தேடிச் செல்வோரும் நம்மிடையே உண்டு. ஆனால் நாள்தோறும் கடந்து செல்லும் அக்கட்டடங்களை நாம் நின்று நிமிர்ந்து பார்த்ததுண்டா? அவற்றைக் கட்டியவர் யார், கட்டுவதற்கு முன் அங்கிருந்தவர் யார், அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதுண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் எல்லைத் தூணும்

பாரிமுனை என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலை நினைப்போர் உண்டு. உண்மையில் அப்பெயர் வேல்ஸ் நாட்டிலிருந்து 1788-இல் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவருடையது. அவர் 1824-இல் மறைந்தார். அவர் நிறுவிய கம்பெனி நிலைத்தது. இன்று முனையில் நிற்கும் 'டேர் இல்லம்' 1940-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாரியின் கூட்டாளியாக இருந்த ஜான் வில்லியம் டேர் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. தூண்களும் குவிமாடங்களும் இன்றி, நேர்க்கோடுகளையும் வளைந்த முகப்பையும் நம்பிய அக்காலப் புதுப்பாணிக் கட்டடம் அது.

அதன் அருகே ஒரு சிறிய கல்தூண் நிற்கிறது. பலர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். இப்பகுதியின் வரலாற்றைத் திறக்கும் சாவி அத்தூணே எனலாம். 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபின் அதன் வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் மண்ணில், நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த ஊர் ஒன்று வளர்ந்தது. ஆங்கிலேயர் அதைக் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749-இல் திருப்பித் தந்தனர். 1758-இன் இறுதியில் மீண்டும் வந்து முற்றுகையிட்டனர். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்று அஞ்சிய கம்பெனியார், அந்த ஊரை அடியோடு அகற்றி வெறும் வெளியாக்கினர். அதன்பின் 1773-இல் ஆறு தூண்களை நட்டு, அவற்றிற்குத் தெற்கே யாரும் வீடு கட்டலாகாது என்று விதித்தனர். அந்த ஆறில் எஞ்சிய ஒன்றே நாம் சொன்ன தூண். ஓர் ஊர் இருந்து இல்லாமற்போனதற்கு அது சாட்சி.

இடிந்த இரு கோவில்கள்

அந்தக் கலக்க காலத்தில் வீடுகள் மட்டுமா இடிந்தன? இரு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் இடிந்தன. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, பழைய ஊரின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோவில். கம்பெனியார் அதை 1757-இல் இடித்தனர். மக்கள் மனம் நொந்தனர். பின்னர் 1762-இல் வேறு நிலம் தரப்பட்டது. கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பணி முடித்தார். சென்னகேசவரும் சென்ன மல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோவில் கொண்டனர். பூக்கடைப் பகுதியில் இன்றும் 'பட்டணம் கோவில்' என்று வழங்குவது இதுவே.

இரண்டாவது, கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்க ஆலயம். 1642-இல் எப்ராயீம் தெ நெவேர் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி பர்மா நாட்டுப் பெகுவிற்குச் செல்லும் வழியில் சென்னை வந்தார். கோட்டையில் வாழ்ந்த போர்த்துக்கீசியக் கத்தோலிக்கருக்கு ஒரு குரு தேவைப்பட்டதால், ஆங்கிலேயரே அவரை நிறுத்திக்கொண்டனர். புனித பெலவேந்திரர் பெயரால் ஆலயம் எழுந்தது. பல மொழிகள் அறிந்த அத்துறவி சிறுவர்க்குக் கல்வியும் கற்பித்தார். அவருக்கு வந்த துன்பம் பிற சமயத்தாரால் வந்ததன்று. கோவாவிலிருந்த விசாரணை மன்றத்தார் அவரைப் பிடித்துச் சிறையிட்டனர். அவரை மீட்க ஆங்கிலேயரும் கோல்கொண்டா அரசும் பாடுபட்டது வரலாறு. புராட்டஸ்டாண்டு வணிகரும் இஸ்லாமிய அரசரும் ஒரு கத்தோலிக்கத் துறவிக்காகப் பரிந்து பேசினர் என்பதை நாம் மறத்தலாகாது.

நூறாண்டு கழிந்தது. 1749-இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று ஐயுற்றனர். குருக்கள் கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயமும் இடிக்கப்பட்டது. சிலர்மேல் எழுந்த ஐயம் ஒரு மக்கட் கூட்டம் முழுவதன்மேலும் விழுந்தது. இத்தகைய அநீதி அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம்.

அரண்மனைக்காரத் தெரு

வெளியேறிய துறவியருக்கு ஒரு புகலிடம் இருந்தது. கோட்டைக்கு வடக்கே 1658 முதல் அவர்களுக்கு ஒரு சிற்றாலயம் இருந்த இடம் அது. அத்தெருவை மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்பர். அங்கே அரண்மனை ஏதும் இல்லை! 'ஆர்மேனியன்' என்ற சொல் தமிழ் நாவில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. சம்மனசுகளின் இராக்கினியான அன்னை மரியாளின் பெயரால் அங்கே பெரிய ஆலயம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. அதன் நுழைவாயிலில் 1642 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அக்கட்டடத்தின் வயதன்று. துறவியர் சென்னையில் பணி தொடங்கிய ஆண்டு. இடிக்கப்பட்ட ஆலயத்தின் நினைவைப் புதிய ஆலயம் தன் நெற்றியில் எழுதிக்கொண்டது. 1886-இல் சென்னை உயர்மறைமாவட்டமானபோது இதுவே பேராலயம். 1952-இல் சென்னையும் மயிலையும் ஒன்றாக இணைந்தபின் சாந்தோம் பேராலயமாக, இது இணைப்பேராலயமாயிற்று. இன்று மக்கள் இதை 'அந்தோணியார் கோவில்' என்றே அறிவர். செவ்வாயன்று அங்கே வரிசையில் நிற்போரில் இந்துக்களும் இஸ்லாமியரும் நிறைய உண்டு.

அதே தெருவில் ஆர்மேனியரின் தூய மரியா ஆலயம் உள்ளது. 1712-இல் முதலில் எழுந்து, 1772-இல் தங்கள் கல்லறை நிலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். அதில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. ஆர்மேனிய மொழியின் முதற் செய்தியிதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது எங்கே தெரியுமா? அவர்கள் தாய்நாட்டிலன்று, நம் சென்னையில்! அதை நடத்திய அருட்பணியாளர் அருத்தியூன் சுமவோனியான் 1824-இல் இறந்து இவ்வாலயத்திலேயே அடக்கமானார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டித் தந்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மேனிய வணிகரே. இன்று சென்னையில் ஆர்மேனியக் குடும்பங்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. கொல்கத்தாவிலுள்ள அவர்களது ஆலயக் குழுவினரே இதைப் பேணி வருகின்றனர். ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள்: ஒன்று மக்களால் நிறைந்தது, மற்றொன்று நினைவால் மட்டும் நிறைந்தது. கல்லும் சுண்ணாம்பும் எவ்வளவு உறுதியாயினும், உள்ளே வந்து மண்டியிட ஆளில்லையெனில் ஆலயம் நினைவுச் சின்னமாகிவிடும் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக யார் எடுத்துரைக்க இயலும்?

நீதிமன்றமும் விளக்குகளும்

இடித்து வெளியாக்கிய அந்நிலத்தில் 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பிராசிங்டன் என்பவர் வகுத்த திட்டத்தை வளர்த்து முடித்தவர் ஹென்றி இர்வின். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் நம் தமிழகத்து நம்பெருமாள் செட்டியார். செங்கல்லும் குவிமாடங்களும் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளுமாக, இந்தியப் பாணியும் இஸ்லாமியப் பாணியும் ஐரோப்பியத் திட்டத்தில் கலந்தமைந்த கட்டடம் அது. அருகேயுள்ள சட்டக் கல்லூரிக் கட்டடமும் இர்வினின் கைவண்ணமே. கல்லூரி வகுப்புகள் 2018-இல் நகருக்கு வெளியே சென்றுவிட்டன.

நீதிமன்ற வளாகத்தில் கலங்கரை விளக்கங்களின் கதையும் உண்டு. கடலோடிகளுக்கு 1796-இல் முதல் விளக்குக் கோட்டைக்குள் ஒரு மாடியின்மேல் எரிந்தது. 1844-இல் வளாகத்தினுள் கிரேக்கப் பாணியில் உயர்ந்த கல்தூண் ஒன்றின் உச்சிக்கு அது மாறியது. 1894-இல் நீதிமன்றத்தின் பெரிய குவிமாடத்தின்மேலேயே ஏறியது. 1977-இல் மெரினாவில் புதிய விளக்கம் வரும்வரை அங்கேயே ஒளிர்ந்தது. நீதி வழங்கும் கூரையின்மேல் வழிகாட்டும் விளக்கு! இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டுகளால் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. நீதிமன்ற மதிலும் அடிபட்டது. கல்வெட்டு ஒன்று அவ்விடத்தைக் காட்டுகிறது. துணிந்து ஏமாற்றுபவனை 'எம்டன்' என்று இன்றும் நாம் சொல்வது அந்த இரவின் எதிரொலியே.

கடற்கரைச் சாலையின் செல்வமும் கண்ணீரும்

இன்றைய இராஜாஜி சாலையில் அணிவகுத்து நிற்கும் கட்டடங்களில் ஒன்று 1884-இல் திறக்கப்பட்ட தலைமை அஞ்சலகம். வரைந்தவர் சிசோம். சற்றுத் தள்ளி 1897-இல் எழுந்த 'பாங்க் ஆப் மெட்ராஸ்' கட்டடம். 1921-இல் இம்பீரியல் வங்கியோடு கலந்து, 1955-இல் அது பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. இதையும் கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியாரே.

இச்சாலை கண்ணீரையும் கண்டதுண்டு. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து விழுந்தது. பாடுபட்டுச் சேர்த்த பணத்தை அதில் இட்டிருந்த ஆயிரக்கணக்கான எளியோர் ஒரே நாளில் ஏழைகளாயினர். உரிமையாளர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் தண்டனையால் பணம் திரும்புமா? அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மை பிறந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டுமென்று முனைந்து இந்தியன் வங்கியை நிறுவினர். 1907 ஆகஸ்ட் 15-இல் அது பாரிக் கட்டடத்தில் பணி தொடங்கியது.

இதே பகுதியில், துறைமுக அலுவலகத்தில், 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுஜன். அங்கிருந்தபடியே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எளிய எழுத்தர் வேலைதானே என்று தம் பிள்ளைகளைக் குறித்து மனம் சோர்வோர் இதைச் சிந்திப்பார்களாக.

பெயர் தெரிந்தவரும் தெரியாதவரும்

சுபாஷ் சந்திர போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் உள்ளது. ஏழையாய்ப் பிறந்து துபாஷியாய்ப் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் நாற்பது வயதில் இறந்தார். அவர் அறத்திற்கென விட்டுச் சென்ற செல்வம் பல்லாண்டு வழக்கில் சிக்கிப் பின்னரே கல்விக்குப் பயன்பட்டது. கிரேக்கக் கோவிலின் சாயலில் 1846-இல் அடிக்கல் நாட்டி 1850-இல் அம்மண்டபத்தைத் திறந்தனர். பிராட்வே என்ற பழைய பெயர் நீங்கி இன்று பிரகாசம் சாலை என வழங்கும் தெருவும் ஒரு வீரத்தின் நினைவே. 1928-இல் சைமன் குழுவை எதிர்த்து மக்கள் திரண்டபோது, துப்பாக்கி ஏந்தியவர் முன் மார்பைத் திறந்து காட்டியவர் ஆந்திர கேசரி பிரகாசம்.

1960-களில் பர்மாவில் கடையும் வீடும் இழந்து அகதிகளாய்த் திரும்பிய தமிழருக்கு 1969-இல் இராஜாஜி சாலையோரம் இடம் கிடைத்தது. அதுவே பர்மா பஜார். குவிமாடமோ தூணோ இல்லாத தகரக் கடைகள்தாம். எனினும் வரலாற்றில் அவற்றிற்கும் இடமுண்டு. வேரறுந்தவர் மீண்டும் வேரூன்றிய இடம் அல்லவா?

இவ்வளவு பேரைச் சொன்னோம். ஆனால் செங்கல் சுமந்த சித்தாள்கள், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், கொந்தளிக்கும் அலையில் மசூலாப் படகு தள்ளிக் கப்பலின் சரக்கைக் கரைசேர்த்த படகோட்டிகள், இவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. வரைந்தவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் பளிங்கில் மின்னுகின்றன. கட்டியவர் பெயரைக் காலம் அழித்துவிட்டது.

கட்டடங்களும் அழியக்கூடியவையே. 2000-இல் தலைமை அஞ்சலகத்திலும், 2014-இல் ஸ்டேட் வங்கிக் கட்டடத்திலும் தீ பரவிப் பெருஞ்சேதம் விளைந்தது. பழைய மரமும் பழைய மின்கம்பியும் ஒருங்கே இருந்தால் விபத்துக்கு வெகுநேரம் வேண்டாம். பழமையைப் போற்றுதல் என்பது மாலை சூட்டுவதன்று. மழைநீர்க் குழாயைப் பழுது பார்ப்பதும் ஆவணங்களைக் கரையானிடமிருந்து காப்பதுமே அது.

ஆதலால், விழாக் கொண்டாடும் இந்நாளில் நாம் அன்பர்களிடம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை பாரிமுனையில் இறங்கும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று அந்த எல்லைத் தூணையும், வாயிலில் உள்ள 1642-ஐயும் காட்டுங்கள். வீடு திரும்பியபின், நம் ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டியவர், கல் சுமந்தவர், கொத்தனார், தச்சர் ஆகியோரில் பெரியோர் நினைவிலிருக்கும் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். அவை பங்கின் பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த விழா மலரை எழுதப்போகும் குருவானவருக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வம் அதுவாக அமையட்டும்.