குடுவையில் வளர்ந்த குருதிக் கலங்கள்

வளர்ந்தோர் 100 பேரை எடுத்துக்கொண்டால் அவர்களுள் 90 பேருக்கு மேற்பட்டோர் எப்ஸ்டைன்-பார் எனப்படும் வைரசொன்றை ஆயுள் முழுவதும் உடலில் தாங்கித் திரிகின்றனர். கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரசும் இதுவும் ஹெர்ப்பீஸ் என்னும் ஒரே குடும்பத்தன. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் ஒரு தடிமனளவு துன்பமுந் தராத இவ்விருந்தாளி, நம்மைக் காக்கும் நிணநீர்க் கலங்களை என்ன செய்கின்றது? அதனை மனிதன் அறிந்த வரலாறு உகண்டா நாட்டுச் சிறுவரின் தாடைக் கட்டியிலிருந்து தொடங்குகின்றது.

1957 இல் கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையில், சத்திரவைத்தியர் டெனிஸ் பேர்க்கிற் தாடையின் இரு புறமும் வீங்கிய சிறுவனொருவனைக் கண்டார். பின்னர் அத்தகைய சிறுவர் பலரைக் கண்டு, 1958 இல் அந்நோயைப் பற்றி எழுதினார். வெப்பமும் மழையும் மிக்க இடங்களிலேயே அது காணப்பட்டது. 1961 மார்ச்சு மாதம் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் அவர் பேசியபோது, கேட்டிருந்தோருள் ஒருவர் மைக்கல் எப்ஸ்டைன். தட்பவெப்பத்தைப் பின்பற்றும் புற்றுநோய்க்குத் தொற்றும் பொருளொன்று காரணமாதல் கூடும் என அவர் எண்ணினார்.

கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானமூலம் வந்தன. இரண்டாண்டுகளுக்கு மேலாக இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தேடியும் வைரசு அகப்படவில்லை. 1963 டிசம்பரில், மூடுபனியால் விமானமொன்று மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. பிந்தி வந்த குடுவையிலிருந்த திரவம் கலங்கியிருந்தது. பற்றீரியா புகுந்துவிட்டதென்று வீசியிருப்பினும் எவரும் குறைகூறார். எப்ஸ்டைனோ ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். கட்டியினின்றும் உதிர்ந்த உயிர்க்கலங்கள் தனித்தனியே மிதந்தன. மனித நிணநீர்க் கலங்களை நெடுநாள் வளர்த்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், அக்கலங்கள் திரவத்தில் மிதந்தவாறே பெருகின. உடலின் காவலை விட்டு நீங்கியமையால் அவற்றுட் சிலவற்றில் ஒளிந்திருந்த வைரசு வெளிப்பட்டது. 1964 மார்ச்சில் எப்ஸ்டைன், திரினிடாட்டிற் பிறந்த பேர்ட் அச்சொங், அயர்லாந்துப் பெண்மணி இவோன் பார் ஆகிய மூவரும் அதனை வெளியிட்டனர்.

ஆயினும் வைரசு அங்கே வெறும் வழிப்போக்கனாகவும் இருக்கலாமன்றோ? பிலடெல்பியாவில் வேர்ணர் ஹென்லே, கேற்றூட் ஹென்லே தம்பதியர் 1967 இல் இவ்வினாவுக்கு அழகிய சோதனையொன்றால் விடை கண்டனர். பேர்க்கிற் கட்டியின் கலங்களைக் கதிர்வீச்சினாற் பெருக இயலாதவாறு செய்து, எதிர்ப்பாலினத்தவரின் நலமான வெண்குருதிக் கலங்களுடன் கலந்து வளர்த்தனர். தனியே விடின் விரைவில் மடியும் நலமான கலங்கள் ஓயாது பெருகலாயின. நிறமூர்த்தங்களைப் பார்த்தபோது, பெருகியவை கட்டிக்கலங்கள் அல்ல என்பது தெளிவாயிற்று. 1968 இல் பிறிஸ்பேன் நகரில் ஜோன் போப், கலங்களை வடிகட்டி நீக்கிய திரவமே இம்மாற்றத்தை உண்டாக்கும் எனக் காட்டினார்.

இதற்கிடையே ஹென்லே ஆய்வுகூடத்துப் பணிப்பெண் ஒருவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்து, கழுத்தில் நெறி கட்டியது. முன்னர் அவர் குருதியில் இவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்ததில்லை. நோயின் பின் இருந்தது. முன்பு குடுவையில் வளராத அவரது நிணநீர்க் கலங்களும் இப்போது வளர்ந்தன. சுரப்பிக் காய்ச்சலின் காரணம் இவ்வாறு வெளியாயிற்று.

வைரசு முதன்மையாகப் புகுவது பிறபொருளெதிரியை ஆக்கும் பீ கலங்களுள். உதவிக் கலம் 'பெருகுக' என ஆணையிடும்போது எழும் அறிகுறியை, வைரசின் புரதமொன்று இடைவிடாது தானே எழுப்புகின்றது. அங்ஙனமாயின் நாமெல்லோரும் ஏன் புற்றுநோயாளர் ஆகவில்லை? 1978 இல் மொஸ், றிக்கின்சன், போப் ஆகியோர், முன்னரே தொற்றுற்றவரின் குருதிக் கலங்களிற் புதிதாய் வைரசைச் சேர்த்தனர். கலங்கள் முதலிற் பெருகிப் பின்னர் சில வாரங்களில் அழிந்தன. அதே குருதியிலிருந்த ரீ கலங்களே அவற்றைக் கொன்றன.

ரீ கலங்களை அடக்கும் சைக்கிளோஸ்போரின் மருந்தைக் குடுவையிற் சேர்த்தால் பெருக்கம் தடையின்றித் தொடரும். உறுப்பு மாற்றம் பெற்று இம்மருந்தை உண்டோர் சிலரிடம் நிணநீர்க் கட்டிகள் தோன்றின. மருந்தைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ அவை சுருங்கியதை, 1984 இல் தோமஸ் ஸ்ராசல் குழுவினர் எடுத்துரைத்தனர்.