முள்ளியவளையிலிருந்து கடல் வரை

மின்சாரத் துவிச்சக்கரவண்டியில் வழிகாட்டியுடன் கடலோர நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்று உலகெங்கும் பரவிவிட்ட வழக்கம். வன்னியிலோ அந்த வண்டிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர்.

முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுக் கடலுக்குச் செல்லும் வழி அதனினும் பழையது. வைகாசிப் பொங்கலுக்காகக் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் கொண்டுசெல்வது மரபு. முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையை 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவன் தோற்றதையே ஆங்கிலேயர் கல்லில் பொறித்தனர். அவனது வெற்றியை ஊரார் வாய்மொழியாகக் காத்தனர்.

2004இன் ஆழிப்பேரலையும் 2009இல் முடிந்த போரும் அவ்வாறு கதை சொல்லக்கூடிய பலரைக் கொண்டுபோயின. எஞ்சிய முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பதே இப்போதைய அவசரப் பணி. சுற்றுலா வண்டிகள் நாளை இங்கும் வரலாம், வரட்டும். முன்னே செல்லும் வழிகாட்டி, அந்தத் தடைக்காலத்தில் இதே வீதியில் சைக்கிள் மிதித்தவரின் பிள்ளையாக இருக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.