கறுப்புத் துணியும் பழுப்புச் சாயமும்

கறுப்புப் பொருள்கள் வெப்பத்தை மிகுதியாக உட்கவரும் என்பது பள்ளி மாணவர் யாவரும் அறிந்ததே. அப்படியானால் வெயில் கொளுத்தும் நாடுகளில் வாழும் மக்களுக்கு ஏன் கறுத்த தோல் அமைந்தது? வெள்ளைத் தோல் அல்லவா அவர்களுக்கு உகந்ததாக இருந்திருக்கவேண்டும்? இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் எவரார்டு ஹோம் என்பவரை இந்தக் கேள்வி குடைந்துகொண்டிருந்தது. அவர் தம் இரு கைகளின் புறப்பகுதிகளையும் நண்பகல் வெயிலில் காட்டினார். ஒரு கை வெறுங்கை. மற்றதன்மீது கறுப்புத் துணி. இரண்டிலும் வெப்பமானிகள். துணிக்கு அடியில் இருந்த வெப்பமானிதான் கூடுதலான வெப்பநிலையைக் காட்டியது. ஆனால் கன்றிப்போனது வெறுங்கைதான்! துணியின்கீழ் இருந்த தோலுக்கு ஒரு கேடும் நேரவில்லை. வெப்பம் கூடினாலும், கறுப்புப் பரப்பில் படும்போது வெயிலின் சுடும் ஆற்றல் அழிந்துவிடுகிறது என்று ஹோம் 1821ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்.

அந்தச் சுடும் ஆற்றல் எது? கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை ஜெர்மானியரான ரிட்டர் 1801ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்திருந்தார். எனினும், தோலைச் சிவக்கவைப்பது எந்த அலைநீளம் என்பதை அளந்து சொல்ல ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1922இல் ஹாவ்ஸர், வாலே என்ற இருவர், அது ஏறத்தாழ 297 நானோமீட்டரில் உச்சத்தை அடைகிறது எனக் காட்டினர். இக்கதிர் தோல் செல்களின் டி.என்.ஏ.யைச் சிதைக்கிறது. அதற்குத் தோல் காட்டும் எதிர்ச்செயல்தான் மெலனின் என்ற கருநிறமி. தோல் செல்லுக்குள் இந்நிறமியின் துகள்கள் கண்டபடி இறைந்து கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேலே குடைபோலக் கவிந்து நிற்கின்றன. ஹோம் போர்த்திய கறுப்புத் துணியை இயற்கை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போர்த்தியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கறுத்த தோலின் மேல்தோலைக் கடந்து உள்ளே செல்லும் புற ஊதாக் கதிரைப்போல் ஐந்து மடங்கு, வெள்ளைத் தோலைக் கடந்து செல்கிறது என்று 1979இல் அமெரிக்காவில் அளந்து கண்டனர்.

ஐரோப்பியர் நெடுங்காலம் வெயிலுக்கு அஞ்சிக் குடையும் தொப்பியுமாகத் திரிந்தவர்கள்தாம். வயலில் உழைப்பவனின் நிறம் என்று பழுப்பை இகழ்ந்தவர்கள்தாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்று திசைமாறியது. ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்திய டென்மார்க்கு மருத்துவர் ஃபின்சென் 1903இல் நோபெல் பரிசு பெற்றார். சுவிட்சர்லாந்தில் மலைமேல் வெயில் மருத்துவமனைகள் எழுந்தன. உழைப்பாளிகள் ஆலைக்குள் அடைபட்டு வெளுத்துப்போக, கடற்கரையில் ஓய்ந்திருக்க வசதியுள்ளவனின் அடையாளமாகப் பழுப்பு மாறியது. தோலை வெளுக்கவைக்கும் களிம்பைத் தேடிக் கடையேறும் நம்மவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பது என் எண்ணம்.

கேடு என்னவென்றால், வெயில் பட்டால் பழுக்காமல் சிவந்து உரிந்துபோகும் தோல் உடையவர்களுக்கே இந்த ஆசை மிகுதி. வெயில் குறைந்த நாடுகளில் விளக்குப் படுக்கைகள் வந்தன. 2009இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்விளக்குகளை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் வகுப்பில் சேர்த்தது. பிரேசில் அவ்வாண்டே அவற்றைத் தடைசெய்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2016 தொடக்கத்திற்குள் வணிக நிலையங்களை மூடின.

வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், நிறம் மட்டும் வேண்டும் என்றபோது பிறந்ததுதான் ஊசி. நிறமிச் செல்களைத் தூண்டும் ஹார்மோன் ஒன்று பிட்யூட்டரி சுரப்பியில் உண்டு. அதனை 1950களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்தார். பதின்மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு அது. உடலில் செலுத்தினால் சற்று நேரத்தில் சிதைந்துவிடும். 1980இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மாலையில் இரண்டு மணிகளை மாற்றினர். ஒன்றின் இடத்தில் அதன் கண்ணாடி பிம்ப வடிவத்தையே வைத்தனர். உடலின் நொதிகள் அதை எளிதில் வெட்ட இயலாமற் போயின. இதுவே மெலனோட்டான். பின்னர் ஏழே அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்த மெலனோட்டான்-2 வந்தது. இந்த இரண்டாவது பொருள் தோல் பழுப்பேற்றும் மருந்தாக உரிமம் பெறாமலே, தூளாகக் குப்பியில் அடைத்துக் கள்ளத்தனமாக விற்கப்படலாயிற்று. வாங்குபவர் நீரில் கரைத்துத் தாமே குத்திக்கொண்டனர். குமட்டல், வாந்தி, மச்சங்கள் கறுத்து உருமாறுதல் ஆகியவை பதிவாயின. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் பொதுமக்களை எச்சரித்தது.

இதில் ஒரு முரண் உண்டு. ஹார்மோன் வந்து தட்டும் கதவு, நிறமிச் செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பி. செம்முடியும் வெளிறிய தோலும் உடையவர் பலரிடம் அந்த ஏற்பியே பழுதாக இருக்கிறது என்று 1995இல் தெரியவந்தது. எவருக்குப் பழுப்பு மிகமிகத் தேவையோ அவர் வீட்டுக் கதவுதான் சரியாகத் திறப்பதில்லை!

ஊசி அல்லாத வழிகள் யாவை? அவற்றுட் பல, ஊசிக்கு முந்தியவை. ஒவ்வொன்றையும் ஹோமின் துணிகொண்டே சோதிப்போம். நிறம் வந்ததா என்பதோடு நில்லாமல், எந்த அலைநீளத்தை, எந்த இடத்தில் மறைக்கிறது என்று கேட்போம்.

முதலாவது சோரலென். கார்போக அரிசியை வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் காட்டும் சித்த மருத்துவ முறையைப் பலர் அறிந்திருப்பர். அவ்விதையில் உள்ள பொருளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எகிப்தில் ஒரு செடியிலிருந்து பிரித்த சோரலெனை 1940களில் மருத்துவர் எல் மொஃப்டி வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்தார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹோவர்டு கிரிஃபின் 1959இல் இம்மருந்தை உண்டு, விளக்கொளியில் கிடந்து, சாயமும் பூசிக் கறுப்பராக மாறித் தென் மாநிலங்களில் சுற்றி, அங்குள்ள நிறவெறியைத் தாமே பட்டறிந்து எழுதினார். ஆனால் சோரலென் டி.என்.ஏ.யின் இடையே புகுந்து, புற ஊதாக் கதிர் பட்டதும் அதனோடு பிணைந்துகொள்கிறது. திரை நெய்வதற்காக வீட்டையே கொளுத்துவது போன்றது இது. நோய்க்கு மருந்தாகலாம்; அழகுக்கு ஆகாது.

அடுத்தது மாத்திரை. கேந்தசாந்தின் என்பது கேரட்டின் நிறமிக்கு உறவானது. நாரைபோன்ற ஃபிளமிங்கோப் பறவையின் இறகிலும் இருப்பது. அதிக அளவில் உண்டால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் படிந்து ஆரஞ்சு கலந்த பழுப்பைத் தரும். அது உட்கவர்வது நீல, பச்சை ஒளியை. 297 நானோமீட்டரை அன்று. அதுவும் தோலுக்கு அடியில்! கதவுக்கு உட்புறம் நிற்கும் காவற்காரன் எனலாம். 1980களில், இம்மாத்திரை உண்டவர்களின் விழித்திரையில் பொன்துகள் போன்ற படிகங்களை மருத்துவர்கள் கண்டனர்.

மூன்றாவது வழிதான் நிலைத்தது. அதன் கதை சுவையானது. 1950களில் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற அம்மையார், கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையை உடல் சரிவரப் பயன்படுத்த இயலாத குழந்தைகளை ஆராய்ந்துவந்தார். டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற மூன்று கரியணுச் சர்க்கரையை அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். குழந்தைகள் அல்லவா? சில வேளை துப்பினர், சிந்தினர். சிந்திய இடத்தில் சில மணி நேரங்கழித்துத் தோல் பழுப்பாயிற்று, துணியிலோ கறையில்லை. வேறொருவராயின் துடைத்துவிட்டுப் போயிருப்பார். அம்மையார் அக்கரைசலைத் தம் தோலிலேயே பூசிப் பார்த்தார், அதே பழுப்பு! ஹெலன் பெரி என்பவருடன் சேர்ந்து 1960இல் இதனை வெளியிட்டார். அதே காலத்தில் பூச்சுக் குப்பிகளும் கடைக்கு வந்தன. தொடக்ககாலப் பூச்சுகள் திட்டுத்திட்டாகவும் ஆரஞ்சு நிறமாகவும் அமைந்து, நகைப்புக்கு இடமாயின. பின்னர் சீர்ப்பட்டன.

இங்கே நடப்பது தோசைக்கல்லில் நடப்பதன் உறவு. தோசையின் அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகுவது, சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலமும் இணைவதால். 1912இல் மெயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை இது. டைஹைட்ராக்சி அசிட்டோன் தோலின் மேற்பரப்பில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு, அடுப்பின்றியே இவ்வாறு இணைகிறது. உயிருள்ள செல்களை அது தட்டி எழுப்புவதில்லை. ஏற்பிக்கும் இங்கு வேலையில்லை. எனவே செம்முடியாருக்கும் நிறம் வரும். இறந்த செல்கள் உதிர உதிர, ஒரு வாரத்தில் நிறமும் உதிரும். அமெரிக்க அரசு இதனை வெளிப்பூச்சுக்கு மட்டுமே அனுமதித்தது. தெளிப்பானில் அடிக்கும்போது மூக்கிலும் கண்ணிலும் உதட்டிலும் படலாகாது.

திரையாக இது எப்படி? தோல் சிவக்கத் தேவையான கதிரின் அளவு எத்தனை மடங்கு கூடுகிறது என்பதே காப்பு எண். இச்சாயத்தின் காப்பு எண் மூன்று நான்கைத் தாண்டுவதில்லை. வெயிலில் உண்மையாகவே பழுத்த வெள்ளைத் தோலின் கூடுதல் காப்பும் ஏறக்குறைய அவ்வளவே. காப்பு எண் 30 கொண்ட வெயில்காப்புக் களிம்பின் பக்கத்தில் இரண்டும் சிறு பிள்ளைகள். வெயில்காப்புச் சேராத பூச்சுக் குப்பிகளின்மீது அந்த உண்மையை அச்சிடவேண்டுமென்று அமெரிக்காவில் விதியே செய்தனர்.

மெலனினையே ஊசியின்றி வரவழைக்கும் முயற்சியும் உண்டு. பழுதான கதவைச் சுற்றிச் சென்று செல்லின் உட்புறத்தைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் பூசி, செம்முடி எலிகளைக் கறுக்கச்செய்ததாக 2006இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் அறிவித்தனர். எலித்தோல் மெல்லியது. மனிதத் தோலுக்குள் அது போதிய அளவு நுழையவில்லை. 2017இல் வேறு சிறு மூலக்கூறுகள், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் துண்டுகளைக் கறுக்கச்செய்தன.

சாயம் திரையாகப் பயன்பட்ட ஓரிடமும் உண்டு. ஒருவகைப் போர்ஃபிரின் நோய் கண்டவர்கள் சற்று நேரம் வெளிச்சத்தில் நின்றாலே தோல் எரிந்து துடிப்பார்கள். அவர்களைச் சுடுவது 297 நானோமீட்டரன்று. ஏறத்தாழ 410 நானோமீட்டரில் உள்ள ஊதா ஒளி. வெயில்காப்புக் களிம்புகள் பல அதைத் தடுப்பதில்லை. டைஹைட்ராக்சி அசிட்டோனின் பழுப்பு ஓரளவு தடுக்கும். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஃபுசாரோ அதனோடு லாசோன் என்ற பொருளையும் சேர்த்துப் பூசிப் பயன் கண்டார். லாசோன் வேறொன்றுமில்லை, நம் மருதாணியின் சாயம்! அதே நோய்க்குத்தான் முதல் மெலனோட்டானும் இறுதியில் மருந்தாக உரிமம் பெற்றது. ஐரோப்பாவில் 2014இல், அமெரிக்காவில் 2019இல். அரிசி அளவுள்ள குச்சியாக, இரு மாதங்களுக்கு ஒருமுறை, மருத்துவர் கையால் தோலுக்கடியில் வைக்கப்படுவது அது.